நெட்டைத் தொட்டியில் யார் வாழலாம்?

மூலையில் தூண் மாதிரி நிற்கும் உயரமான, குறுகலான மீன்தொட்டியில் எந்த சிக்லிட் விடலாம் என்று கேட்டால், ஏஞ்சல் மீன் விடுங்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். நெட்டைத் தொட்டிக்கு நெட்டை மீன். நம் குளத்து ஜிலேபிக் கெண்டை முதல் டிஸ்கஸ், ஆஸ்கார் வரை அடங்கிய மிகப் பெரிய குடும்பம் சிக்லிட். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இந்தப் பதில் உடலின் வடிவத்தை மட்டும் பார்க்கிறது. அந்த மீன் நாள் முழுக்க என்ன செய்கிறது, சண்டை வந்தால் எங்கே ஓடும் என்று கேட்பதில்லை. ஓர் உயிரை அடைத்துவைப்பவர் அந்த உயிருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பது அறக் கேள்வி. தொட்டியின் அளவு அந்தக் கேள்விக்குள்தான் வருகிறது.

இதை மிக நுணுக்கமாக யோசித்தவர்கள் சமணர்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் ஏற்கும் அகிம்சை விரதத்துக்கு நேரும் பிழைகள் ஐந்தைச் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கட்டிவைத்தல் முதலில் நிற்கிறது. பட்டினி போடுவது தனியாக, கடைசியில் வருகிறது. இவை வெவ்வேறு பிழைகள் என்றால், ஒன்றைச் செய்யாததால் மற்றொன்று கழிந்துவிடாது என்றே நான் புரிந்துகொள்கிறேன். வேளாவேளைக்குத் தீனி போடுகிறேன், ஃபில்டர் ஓடுகிறது, தண்ணீர் மாற்றுகிறேன் என்பதெல்லாம் நல்லதுதான். அடைத்துவைத்ததற்கான பதில் அதில் இல்லை. அந்த உயிர் இயல்பாகச் செய்யக்கூடியதில் எவ்வளவை இந்தக் கண்ணாடி வெட்டிவிடுகிறது என்பதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்பகுதி 45 சென்டிமீட்டர் சதுரம், உயரம் 90 சென்டிமீட்டர் என்றால் சுமார் 182 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தரையும் நீர்ப்பரப்பும் 2,025 சதுர சென்டிமீட்டர். அதே அளவைப் படுக்கைவாட்டில் செய்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலே இரண்டும் 4,050 ஆகிவிடும். காற்று நீரில் கலப்பது மேற்பரப்பில்தான். அந்தக் குறையை ஏர் பம்ப் ஓரளவு ஈடுகட்டும். ஓட இடமில்லாத குறையை எந்தப் பம்பும் தீர்க்காது. மலாவி ஏரியின் பாறை மீன்களான முபுனாவில் ஆண் தன் பாறையை விட்டுக்கொடுக்காது. தோற்றது அதன் பார்வையில் படாத தூரத்துக்குப் போயாக வேண்டும். 45 சென்டிமீட்டரில் அந்தத் தூரம் கிடையாது. ஏஞ்சலின் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. அமேசானில் செங்குத்தான வேர்களுக்கும் தண்டுகளுக்கும் இடையே நழுவிப் போக வாகான தட்டையான உடல் அதற்கு. ஆழமான தண்ணீர் அதற்கு உண்மையிலேயே ஒத்துப்போகும். ஆனால் கடையில் நாணய அளவில் இருக்கும் குஞ்சின் உடல் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் வளரக்கூடியது. ஜோடி சேர்ந்ததும் நிமிர்ந்து நிற்கும் இலையில் முட்டையிட்டு, துடுப்பால் விசிறிக்கொண்டே, அருகில் வரும் எதையும் விரட்டும். விரட்டப்படுவது ஒதுங்கத் தேவை பக்கவாட்டு இடம். இந்தத் தொட்டியில் அது மூன்று உடல் நீளம்தான். ஆறேழு ஏஞ்சல்களை இதில் விட்டால், இளைத்தது ஒரு மூலையில் துடுப்பு கிழிந்து நிற்கும். ஒரே ஒரு ஜோடி, கூட வேறு சிக்லிட் இல்லை என்றால் அரைமனதோடு ஒப்புக்கொள்வேன்.

நான் சொல்வது வேறொன்று. டாங்கனிகா ஏரியில் காலி நத்தை ஓடுகளில் குடியிருக்கும் மல்டிஃபாசியாட்டஸ், சிக்லிட்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. நாலைந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. வாயால் மணலை அள்ளி அள்ளி ஓட்டைப் புதைக்கும், மிரண்டால் சட்டென்று ஓட்டுக்குள் போய்விடும், அதற்குள்ளேயே முட்டையிடும், குஞ்சுகளோடு கூட்டமாக வாழும். ஓட்டை விட்டு அதிக தூரம் போகாத வாழ்க்கை. மணலும் கை நிறைய ஓடுகளும் கார நீரும் இருந்தால், அந்த 2,025 சதுர சென்டிமீட்டரில் அதன் நாள் ஏறக்குறைய முழுசாக நடக்கும். மேலே பாதிக்கு மேல் வெறும் தண்ணீராகக் கிடக்குமே என்பார்கள். கிடக்கட்டும். அந்த வெறுமை உறுத்துவது பார்ப்பவர் கண்ணை மட்டும்தான்.

மீனுக்கு என்ன தெரியப்போகிறது என்பது பழைய மறுப்பு. மீனுக்கு மூளைப் புறணி இல்லை, அதனால் வலியை உணராது என்று வாதிடும் அறிவியலாளர்கள் உண்டு. அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் 2019இல் பிரான்சில் சிக்லிட்களை வைத்தே ஒரு சோதனை வெளியானது. கான்விக்ட் சிக்லிட் பெண் மீன்களுக்கு, ஒரு நிறப் பெட்டியில் தீனி உண்டு, இன்னொரு நிறத்தில் இல்லை என்று பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவான நிறத்தில் ஒன்றை வைத்தார்கள். தாம் தேர்ந்த ஆணை இழந்து வேறொன்றோடு விடப்பட்டவை அதைத் திறக்கத் தயங்கின. இதைத் துக்கம் என்று நான் சொல்லமாட்டேன். தனக்கு நேர்வது நல்லதா கெட்டதா என்பது அந்த மீனுக்குள் ஏதோ ஒரு வகையில் பதிவாகிறது என்பதற்கு இது போதும். சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் பண்ணையில் பிறந்த ஏஞ்சல் அமேசானைக் கண்டதில்லையே என்பது இன்னொரு மறுப்பு. காணாததுதான், ஆனாலும் முட்டையிட நிமிர்ந்த இலையைத் தேடுகிறது, எல்லை பிடிக்கிறது. அந்த இயல்பு உடலோடு வருவது.

அப்படியானால் மீனே வளர்க்கக் கூடாது அல்லவா என்று கேட்பவரிடம் எனக்கு முழுப் பதில் இல்லை. அந்தச் சூத்திரத்தைக் கடுமையாகப் பிடித்தால் அவர் சொல்வதே சரி. தொட்டியும் மீனும் ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்குத்தான் மேலே சொன்னது உதவும். இன்னும் வாங்காதவர் பட்டறையில் அளவு கொடுக்கும்போது, அதே 90 சென்டிமீட்டரைப் படுக்கைவாட்டில் செய்யச் சொல்லலாம். கண்ணாடிச் செலவு அதிகமாகாது, ஏஞ்சல் ஜோடிக்கும் நீந்தத் தளம் கிடைக்கும்.