கடன் தீர்ந்ததா?

வாங்கிய கடனை வாங்கிய எண்ணிக்கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? 'இதில் ஐயமென்ன?' என்றே கேட்கத் தோன்றும். ஆயினும் 1923-ஆம் ஆண்டில் ஜெர்மனி முழுவதும் இக்கேள்வியின் முன் கலங்கி நின்றது.

முதல் உலகப் போருக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் அதே டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! இவ்வீழ்ச்சி ஓரிரவில் நேர்ந்ததன்று. போர்ச் செலவை வரியால் ஈடு செய்யாமல், பெரும்பகுதியைக் கடனால் ஈடு செய்யத் துணிந்தது கைஸரின் அரசு. ஒன்பது முறை போர்க்கடன் பத்திரங்களை வெளியிட்டு ஏறத்தாழ 9,800 கோடி மார்க்கைக் குடிமக்களிடம் திரட்டியது. வென்றால் தோற்றவரிடம் வசூலிக்கலாம் என்பது கணக்கு. வெற்றி கிட்டவில்லை. 1921-இல் நேச நாடுகள் 13,200 கோடி தங்க மார்க்கை இழப்பீடாக விதித்தன. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் நிலக்கரிப் பகுதியினுள் புகுந்தபோது, அங்கே பணிசெய்ய மறுத்த தொழிலாளரைத் தாங்குவதற்காக அரசு மேலும் மேலும் நோட்டுகளை அச்சிட்டது.

'ஒரு மார்க்குக்கு ஒரு மார்க்கே' என்றது சட்டம். வீட்டை அடகு வைத்துக் கடன் பெற்றிருந்தவர், ஒரு ரொட்டிக்கும் போதாத காகிதத்தைக் கொடுத்து வீட்டை மீட்டுக்கொண்டார். அடகின்மேல் பணம் கொடுத்திருந்த முதியோரும் விதவையரும் வெறுங்கையராயினர். அரசோ எல்லாரினும் பெரிய கடனாளி. அதன் 15,400 கோடி மார்க் உள்நாட்டுப் போர்க்கடன், நாணயம் சீர்செய்யப்பட்ட நாளில் பழைய மதிப்பில் ஒரு மார்க்கில் ஆறில் ஒரு பங்கும் பெறவில்லை. தேசப்பற்றினால் பத்திரம் வாங்கியவனே அதிகம் இழந்தான்.

இங்கே குற்றவாளி யார்? கடனாளி பொய் சொல்லவில்லை, எண்ணிக்கையைக் குறைக்கவுமில்லை. எனினும் தான் பெற்றது ஒரு வீட்டின் விலை, தருவது ஒரு ரொட்டியின் விலை என்பதை அவன் அறிவான். அளவையில் மோசம் செய்பவன் படிக்கல்லைத் தேய்க்கிறான். இங்கோ கல்லை அரசு தேய்த்தது. ஆதாயத்தைக் கடனாளி எடுத்துக்கொண்டான். தேய்த்தவன் நானல்லன் என்பது எனக்குத் தக்க விடையாகத் தோன்றவில்லை.

1923 நவம்பர் 28-ஆம் நாள் ஜெர்மானிய உச்ச நீதிமன்றமும் அவ்வாறே கருதியது. சட்டத்தின் எழுத்தைவிட நல்லெண்ணமும் நம்பிக்கையும் என்னும் விதியே மேலானது. காகித மார்க்கால் அடகுக்கடன் தீராது என்று தீர்ப்பளித்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அடகுக்கடன்களைப் பழைய தங்க மதிப்பில் நூற்றுக்கு 25 என நிர்ணயித்தது. முதலைக் கேட்க 1932 வரை காத்திருக்க வேண்டும். அரசு தன் பத்திரங்களுக்கோ நூற்றுக்கு 2.5 என்றே மதிப்பிட்டது. பத்திரங்களைத் தொடக்கமுதல் வைத்திருந்தோர்க்கு மட்டும் சற்றுக் கூடுதல். தன் கடனுக்குத் தானே நீதிபதியானால் வேறென்ன நிகழும்?

(இந்தப் பணவீக்கமே ஹிட்லரை அரியணை ஏற்றியது என்பர். அது முழு உண்மையன்று. 1932-இல் 60 லட்சம் பேர் வேலையற்றிருந்தபோது நிலவியது விலை வீழ்ச்சியே. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பு அதற்குமுன்பே மனங்களில் ஊறியிருந்தது.)

இவ்வழக்கு நம் ஃபிக்ஹு கலைக்குப் புதிதன்று. செப்புக்காசின் மதிப்பு மாறினால் கடனை எவ்வாறு அடைப்பது என்பதில், எண்ணிக்கையே போதும் என்றார் இமாம் அபூஹனீஃபா. பெற்ற நாளின் மதிப்பைத் தரவேண்டும் என்றார் அவர் மாணாக்கர் இமாம் அபூயூசுஃப். இப்னு ஆபிதீன் இதுபற்றித் தனி நூலே எழுதினார். 1988-இல் குவைத்தில் கூடிய ஃபிக்ஹு பேரவை எண்ணிக்கையின் பக்கமே நின்றது. மதிப்பைச் சேர்க்கத் தொடங்கினால் வட்டிக்குக் கதவு திறந்துவிடும் என்ற அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நானும் அவ்வச்சம் உடையவனே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் என்னிடம் வந்தனர். தந்தை மௌத்தாகிவிட்டார், தாயாருக்கு அவர் தரவேண்டிய மஹர் 501 ரூபாய், 1958-இல் எழுதியது, பாக்கி. சொத்தைப் பங்கிடுமுன் எவ்வளவு கொடுப்பது என்றனர். கிதாபில் உள்ளபடி 501 என்றேன். அங்கேயே எண்ணிக் கொடுத்தனர். அந்த அம்மையார் ஒன்றும் கூறாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். 1958-இல் அப்பணம் ஆறு பவுனுக்கு மேல் வாங்கியிருக்கும் என்பதை வீடு திரும்பும் வழியில்தான் எண்ணிப்பார்த்தேன்.