நெட் இல்லையா? எங்கே நின்றது என்று கேள்!

"நெட் இல்லை, நாளைக்கு வாங்க."

சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட, கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தவரின் ஒரு நாள் கூலியை இந்த ஒற்றை வரி பறித்துவிடுகிறது. தம்பி, தங்கச்சி! நீ வேலை பார்க்கும் இடத்தில் இனி இந்தப் பேச்சு எழக்கூடாது. சின்னசேலத்துக் கம்ப்யூட்டர் சென்டரோ, சங்கராபுரத்து நெல் மண்டியோ, புவிசார் குறியீடு பெற்ற நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைச் செதுக்கும் பட்டறையோ, எதுவானால் என்ன? அங்கிருக்கும் நாலு கம்ப்யூட்டரையும் ஒரு பிரிண்டரையும் இணையத்தோடு இணைக்க உன்னால் முடியும். "அதுக்கெல்லாம் இன்ஜினியர் வரணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே!

அப்படி என்ன மலையைப் புரட்டும் வேலை அது? வெளியிலிருந்து வரும் ஃபைபர் ஒரு சின்னப் பெட்டியில் வந்து முடிகிறது. மோடம் என்று நாம் சொல்லும் அதுவே பெரும்பாலும் ரவுட்டரும்கூட. அதிலிருந்து ஒரு கேபிள் ஸ்விட்சுக்கு. ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு கேபிள். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரே ஐபி எண் கொடுத்துவிடும். எந்தப் பதில் எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று பிரித்துக் கொடுப்பதும் அதன் பொறுப்பு.

கேபிளின் மேலுறையைச் சீவிப் பார். எட்டுக் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கிக் கிடக்கும். முறுக்கைப் பிரித்து, நீவி, வரிசையாக வை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நுனியை ஒரே மட்டமாக வெட்டு. கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பிங் டூலால் ஒரே அழுத்து! மறுமுனைக்கும் இதே வரிசை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்குகள் முறையாக எரிந்தால் நீ ஜெயித்தாய். எரியவில்லையா? வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடு. கனெக்டர் சில ரூபாய்தான். உன் தயக்கம்தான் விலை கூடியது.

எல்லாம் மாட்டியும் நெட் வரவில்லையா? இங்கேதான் நீ யார் என்பது தெரியும். "எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைக்காதே. எல்லாம் ஒருபோதும் போவதில்லை. ஏதோ ஓரிடத்தில் நின்றிருக்கிறது. அந்த இடத்தைப் பிடி! முதலில் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு பிங் அடி, அதாவது "இருக்கிறாயா?" என்று கேள்; பெரும்பாலும் அதன் எண் 192.168.1.1 ஆக இருக்கும். பதில் இல்லையென்றால் கோளாறு உன் அறைக்குள்தான்: கேபிளைப் பார், ஸ்விட்சைப் பார். ரவுட்டர் பதில் சொன்னால், வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8 என்ற எண்ணுக்கு அடி. அது பதில் தராமல், பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கும் சிவப்பாக எரிந்தால், ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை. உடனே இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போடு. எண்ணுக்குப் பதில் வந்து, பெயர் போட்டால் மட்டும் தளம் திறக்கவில்லையா? தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைச் சரிபார். வாழ்க்கையில் எந்தச் சிக்கலுக்கும் இதே வழிதான்: மலைத்து நிற்காதே, பகுத்துப் பார்!

மலைப்பகுதிக்கு இதெல்லாம் சரிப்படுமா என்கிறாயா? தேனியைப் பார்! மேற்குத் தொடர்ச்சி மலை சூழ்ந்த அந்த ஊரில், அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கைகோத்தார்கள். 2000களின் நடுவிலேயே, சாதாரண வைஃபை கருவிகளோடு திசை பார்த்து நிற்கும் ஆன்டெனாக்களை இணைத்து, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கண் சிகிச்சை மையங்களை மருத்துவமனையோடு சேர்த்தார்கள். நோயாளி கிராமத்தில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பேசுவார். அங்கே அவர்களைப் பெரிதும் படுத்தியது ஏறி இறங்கிய மின்சாரம். அதற்குக் காப்பு தேடினார்கள். உள்ளூர் ஊழியர்களுக்கே பழுது பார்க்கப் பழக்கினார்கள். ஆகவே நீயும் நல்ல யுபிஎஸ்ஸையும் எர்த்திங்கையும் முதல் நாளே கேட்டு வாங்கு!

அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி யார்? மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களால்தான் கண்ணறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல், 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். உனக்கு என்ன குறை, சொல்!

இனி நம் ஊருக்கு வா. நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிறந்ததே 2019 நவம்பர் 26இல்தான். கல்வராயன்மலை தனி வட்டமாகி, வெள்ளிமலை அதன் தலைமையிடமானது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது அரசின் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. அந்த ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கொண்டை ஊசி வளைவு அதற்கு ஒரு பொருட்டா? ஆனால் ஊராட்சி வாசல் வரை வந்த வெளிச்சத்தை மேசைவரை கொண்டுவர ஒரு கை வேண்டும். மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் சிம் போட்ட ரவுட்டரை மாற்று வழியாகத் தயாராக வைக்கவும், கேபிளுக்குக் கேபிள் பெயர் எழுதி ஒட்டவும், பாஸ்வேர்டை மாற்றவும் மறக்காத கை வேண்டும்.

அந்தக் கை வெளியூரிலிருந்து வரும் என்று காத்திருக்காதே. இந்த வாரமே ஒரு கிரிம்பிங் டூல் வாங்கு. பத்து கனெக்டர் வீணாகட்டும், பழகு! பழகியதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடு. நெட் நின்றால் உன்னைத் தேடி ஊர் வரட்டும்!