யாருடைய வினை?

அவளுக்கு ஏழு வயது. கழுத்தில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. அதற்கு மேலே, தாடையை ஒட்டி, புளியங்கொட்டைகளைக் கோத்ததுபோல் மூன்று கட்டிகள். தொட்டுப் பார்த்தேன், வலிக்கவில்லை என்றாள். இரண்டு மாதமாக இருக்கிறதாம், உடம்பும் இளைத்திருந்தது. அந்தக் காலத்தில் கண்டமாலை என்பார்கள்; கழுத்து நெறிக்கட்டிகளில் வரும் காசநோய்.

"இந்தப் பிஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு சிஸ்டர்?" என்று அழுதார் தாய்.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். வினைப்பயன் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். ஆனால் நோயில் கிடக்கும் குழந்தையின் முன்னால் அந்தச் சொல்லை எடுக்க எனக்கு வாய் வருவதில்லை.

கயிற்றை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். சிபிநாட் பரிசோதனையில் காசநோய் என்று உறுதியானது. உடனே அடுத்த கேள்வி: வீட்டில் யாருக்கு இருமல்? குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் இருமுகிற பெரியவர்களிடமிருந்து காற்றில்தான் வருகிறது. அவர்களுடையது ஒற்றை அறை வீடு. பேத்தியைப் பக்கத்தில் போட்டுத் தூங்கும் பாட்டிக்கு மூன்று மாதமாக இருமல். சளியில் கிருமி இருந்தது.

"என்னாலயா தாயி வந்துச்சு?"

'ஆமாம்' என்றால் அந்தப் பாரம் அவரைக் கொன்றுவிடும். 'இல்லை' என்பது பொய். "உங்ககிட்டயிருந்து வந்திருக்கலாம் பாட்டி. ஆனா உங்க குத்தம் இல்ல. உங்களுக்கும் யாரோ இருமித்தானே வந்திருக்கும்?" என்றேன்.

வினையை நான் இப்போது இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுக்கிறார். அதனால் ஒருவர் நோயில் எல்லாருக்கும் பொறுப்பு உண்டு. பழி சுமத்தினால் பாட்டி இருமலை மறைப்பார். மறைத்த இருமல் இன்னொரு குழந்தையைத் தேடிப் போகும்.

பாட்டியை வீட்டைவிட்டு அனுப்பவும் வேண்டாம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிடுவதுபோலவே குணமாகும், அதனால் உடனிருப்பவர்களுக்கு ஆபத்து கூடுவதில்லை என்று உலகுக்குக் காட்டியது, 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சிதான்.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

ஒருநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாட்டி தன் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, பேத்தியின் மாத்திரையைத் தம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். கரையும்வரை அவள் பாட்டியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். கயிறு கழுத்திலேயே இருந்தது. அதன் மேலே, கட்டிகள் இரண்டு கரைந்திருந்தன.