உடலின் உயிர்ப்பை நம்புகிறவர்களே, பிணவறை வாசலுக்கு வாருங்கள்

ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்கிறோம். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று வாயாரச் சொல்லி ‘ஆமென்’ என்று முடிக்கிறோம். ஆன்மா மட்டும் தப்பிக்கும் என்பதல்ல நம் விசுவாசம். எலும்பும் சதையுமான இந்த உடல், உழைத்துக் காய்த்துப்போன இந்தக் கைகால்களோடு ஆண்டவரின் நாளில் எழும் என்பதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலைவாயில் வெந்துபோன உடலுக்கு அந்த நம்பிக்கையில் பங்கு உண்டா? உண்டு என்றால், அந்த உடல் மார்ச்சுவரியில் கேட்பாரற்றுக் கிடக்கும்போது நாம் ஏன் வீட்டில் இருக்கிறோம்?

2025 செப்டம்பர் 30 அன்று மீஞ்சூரை அடுத்த வாயலூரில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இறந்தது நம் திருவள்ளூர் மாவட்ட மண்ணில். ஒரு மாதம் கழிந்து நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அன்று உங்கள் பங்கில் அந்த ஒன்பது பேருக்காக விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரியாவது சொல்லப்பட்டதா? பதிலை உங்கள் மனச்சான்றிடமே விடுகிறேன்.

நம் வீட்டு இறந்தோருக்கு நாம் குறை வைப்பதில்லை. அக்டோபர் கடைசியிலேயே கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அழிந்த பெயருக்குக் கறுப்பு மை தீட்டுகிறோம். அன்று மாலை சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாகப் போய், குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை குடும்பத்தோடு காத்து நிற்கிறோம். பூசைக் கருத்துக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிறோம். நல்ல வழக்கம், இதை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது. ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ரோலிங் மில்லிலும் ஃபவுண்டரியிலும் இறந்து, ஊருக்கு அனுப்பப்பட்டோ அனுப்பப்படாமலோ போனவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

தோபித்து நூலைத் திறந்து முதல் இரண்டு அதிகாரங்களை வாசியுங்கள். தோபித்து சொந்த நாட்டில் வாழ்ந்தவர் அல்ல, நினிவேக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர். தன் இனத்தவர் கொல்லப்பட்டு மதிலுக்கு வெளியே எறியப்பட்டபோது, அரசனின் கோபத்துக்கு ஆளாகும் ஆபத்து இருந்தும் ஒவ்வொருவராக எடுத்து அடக்கம் செய்தார். பெந்தகோஸ்தே பெருவிழாவன்று விருந்துக்கு அமர்ந்தவர், சந்தையில் ஒரு பிணம் கிடக்கிறது என்று மகன் வந்து சொன்னதும் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துபோனார். அக்கம்பக்கத்தார் கேலி பேசினார்கள். இறந்தோரை அடக்கம் செய்வதைத் திருச்சபை இரக்கச் செயல்களில் ஏழாவதாக வைத்ததற்கு இந்த மனிதர் எழுந்த எழுச்சி ஒரு காரணம்.

“அவர்கள் நம்மவர்கள் இல்லையே” என்று ஒருவர் கேட்கலாம். மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம் இதற்கு விடை வைத்திருக்கிறது. போரில் விழுந்தவர்களின் உடையின் கீழே, திருச்சட்டம் விலக்கிய தாயத்துகள் இருந்தன. கண்ணால் பார்த்த பிறகும் படைத்தலைவர் யூதா மக்கபே அவர்களைத் தள்ளிவிடவில்லை. ஏறத்தாழ 2,000 வெள்ளி திராக்மா திரட்டி, அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். அவர்கள் எழுவார்கள் என்று நம்பியதால் செய்தார் என்று அந்த நூலே காரணம் சொல்கிறது. உயிர்ப்பில் வைக்கும் நம்பிக்கை, செபமாகவும் செலவாகவும் மாறிய இடம் அது. நம்பிக்கை உங்கள் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை என்றால், அது இன்னும் உங்களுக்குள் இறங்கவில்லை.

இன்னொன்று. இவர்களில் பலர் நம்மவர்களே. ஜார்க்கண்டின் ராஞ்சி, கும்லா, சிம்டேகா பக்கத்திலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கரிலிருந்தும் வரும் ஓராவோன், முண்டா, கரியா பழங்குடி இளைஞர்களில் எத்தனையோ பேர் கத்தோலிக்கர்கள். சட்டைக்குள் செபமாலை போட்டிருப்பார்கள். தமிழ்த் திருப்பலி புரியாமல் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறவர்களை நாம் ‘வடக்கத்திப் பசங்க’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். முண்டா ஊர்களில் முன்னோரின் எலும்புகளைப் பெருங்கற்பலகைக்கு அடியில் வைப்பார்கள். அந்தக் கல்தான் அந்தக் குடிக்கு நிலப்பட்டா. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனின் உடல் ஊர் போய்ச் சேராவிட்டால் அந்தத் தாய்க்கு அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மக்களிடம் 1885-இல் போன பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், செபப் புத்தகத்தோடு சட்டப் புத்தகத்தையும் படித்தார். நிலம் பறிபோனவர்களுக்காக நீதிமன்ற வழக்குகளில் துணை நின்றார். 1893-இல் தாயகத்தில் இறந்தார். நூறு ஆண்டு கழித்து, 1993-இல், அவருடைய எச்சங்களை ராஞ்சிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தங்களுக்காக நின்றவரின் உடலை அந்த மக்கள் நூறு ஆண்டு ஆனாலும் மறக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளின் உடல்களுக்கு நாம் என்ன செய்கிறோம்?

தொலைவுகூடப் போக வேண்டாம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கற்கள், தொல்லியல் துறையின் பாதுகாப்பு. கடல் கடந்து வணிகம் செய்ய வந்து நம் கரையில் இறந்தவர்களுக்கு 300 ஆண்டு கடந்தும் பெயர் நிற்கிறது. நம் மாவட்டத்து இரும்பை உருக்கித் தந்தவனுக்கு ஒரு சிலுவைக் குறி, ஒரு பெயர், ஒரு செபம் இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆலையில் ஒருவர் இறந்தால் உடல் பொன்னேரி அல்லது சென்னை அரசு மருத்துவமனைக்குப் போகும். தீக்காயம் என்றால் பெரும்பாலும் கீழ்ப்பாக்கம். அங்கே கூடவந்த அறைத்தோழனுக்குத் தமிழ் தெரியாது. போலீசாரின் பஞ்சநாமா, போஸ்ட்மார்ட்டம், இறப்புச் சான்று, விமானத்தில் அனுப்ப எம்பாமிங் சான்று, போலீசின் ஆட்சேபணையின்மைச் சான்று என்று ஒவ்வொரு சன்னலாக அவன் அலைவான். ஆதாரில் ஒரு பெயர், காண்ட்ராக்டர் நோட்டில் இன்னொரு பெயர் இருக்கும். அந்த இடத்தில் இந்தியும் தமிழும் தெரிந்த ஒரே ஒரு ஆள் பக்கத்தில் நின்றால் போதும். உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, அன்பியங்கள், இவற்றில் அப்படிப்பட்ட ஒருவர்கூடவா இல்லை?

அதே நேரத்தில் குடும்பத்தின் உரிமையையும் காக்க வேண்டும். வேலையில் நேர்ந்த விபத்தில் இறந்தவர் இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் என்றால், சார்ந்திருப்போருக்குக் கூலியில் 90 சதவீதம் மாதந்தோறும் வர வேண்டும். பதிவு இல்லை என்றால் இழப்பீடு உண்டு. காண்ட்ராக்டர் கொண்டுவந்த ஆள் என்று சொல்லி முதன்மை நிறுவனம் நழுவ முடியாது. இறப்புக்கான இழப்பீட்டை அதற்குரிய அரசு அதிகாரியிடம் கட்ட வேண்டும், குடும்பத்தாரின் கையில் ஒரு கட்டைத் திணித்துக் கையெழுத்து வாங்கினால் கணக்குத் தீராது என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. இதை அந்தத் தகப்பனுக்கு யார் சொல்வது? அவர் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

ஆலையில் பொறுப்பில் இருக்கும் விசுவாசிகளே, உங்களிடம் கடுமையாகவே பேசுகிறேன். ஸ்க்ராப்பில் ஈரம் இருந்தாலோ, வாய் மூடிய சிலிண்டர் ஒன்று கலந்திருந்தாலோ, உருகிய இரும்பில் விழுந்த கணமே நீர் ஆவியாகியோ அடைபட்ட வாயு விரிந்தோ உலை வெடிக்கும். இது உங்களுக்குத் தெரியும். ஸ்க்ராப்பைப் பிரித்துப் பார்க்க அரைமணி நேரம் ஆகும், உற்பத்தி குறையும் என்று நீங்கள் தலையாட்டிய ஷிப்டில்தான் ஒருவன் சாகிறான். அவன் உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று பவுல் எழுதியதை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை அவனைச் செருப்புக் காலோடு உலைமுன் நிறுத்தாதீர்கள். வேலை போய்விடும் என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறுத்துச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எழுதிய ‘ஸ்பே சால்வி’ திருமடலில், நிலைவாழ்வை நம்புவதற்கான மிக வலுவான காரணமாக நீதியைச் சொல்கிறார். இந்த உலகில் தீர்க்கப்படாத அநீதி அப்படியே புதைந்துபோகாது என்பதுதான் உயிர்ப்பு. ஏழை வீட்டில் அது ஆறுதல். பாதுகாப்புக் கவசத்துக்கான பணத்தை மிச்சம் பிடித்தவருக்கு அது எச்சரிக்கை. எழுந்துவரும் உடல், தன்னைக் கொன்ற காயத்தோடு அவர் முன்னால் நிற்கும். கிறிஸ்துவும் ஆணிகள் பாய்ந்த தழும்போடுதானே எழுந்தார்?

ஆகவே இப்படிச் செபிப்போம்: ஆண்டவரே, லாசரின் கல்லறை முன் அழுதவரே, எங்கள் ஊரில் இறந்து எங்களுக்குப் பெயர் தெரியாமல் போனவர்களை நீர் பெயர் சொல்லி அழைத்தருளும், அவர்களைக் காணாததுபோல் கடந்துபோன எங்களை மன்னியும், நாளைக்கு ஒருவன் சாகாமல் காக்க எங்களுக்குத் துணிவு தாரும்.

செபித்த பிறகு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இந்த வாரமே பங்குத்தந்தையைப் பாருங்கள். கோயிலில் ஒரு பதிவேடு திறந்து, நம் எல்லைக்குள் வேலையில் இறந்தவர்களின் பெயரை, எந்த மதத்தவரானாலும், எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை இந்தியில் திருப்பலி கேளுங்கள். மருத்துவமனைக்கு ஓட இரண்டு பேரை நியமித்து, அவர்கள் கைபேசி எண்ணைத் தொழிலாளர் தங்கும் லைன் வீடுகளின் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த கல்லறைத் திருநாளன்று நம் வீட்டாரின் பெயர்களோடு அந்தப் பெயர்களும் பீடத்திலிருந்து வாசிக்கப்பட வேண்டும்.