எண்ணெய்க் கதையைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகள் திருகோணமலை நகருக்குப் போகும் வழியில் சீனன்குடா வருகிறது. அங்கே காட்டோடு காடாக, பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு தாங்கியும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது 91ஆம் தாங்கி பற்றி எரிந்தது. தடித்த இரும்புத் தகடுகள் வெப்பத்தில் இளகி, நனைந்த அட்டைபோல் மடிந்து, துருவேறிக் கிடக்கின்றன. அதன்முன் ஒரு வகுப்பை நிறுத்தி வைத்தால், எண்ணெய்க்காக உலகம் எதையெல்லாம் செய்யும் என்பதை அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம்.

இப்படியோர் இடம் எரிசக்தி அருங்காட்சியகம் ஆகவேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதை யாருடைய பணத்தில் அமைப்பது என்பதே கேள்வி. எண்ணெய் விற்பவர் கையில் எண்ணெய்ப் பாடத்தை ஒப்படைப்பது அறமாகாது.

லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் நடந்தது இந்தக் கவலைக்குக் காரணம். 2021இல் அங்கு நடந்த காலநிலைக் கண்காட்சிக்கு ஷெல் கம்பனி நிதி தந்தது. கம்பனியின் நற்பெயருக்குக் கேடான எதையும் அருங்காட்சியகம் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது அதே ஆண்டு அம்பலமானது. அதன் பிறகு அதே அருங்காட்சியகம் எரிசக்திக் கூடமொன்றுக்கு அதானி கிறீன் எனர்ஜியின் நிதியைப் பெறுவதாக அறிவித்தது. அறங்காவலர் இருவர் பதவி விலகினார்கள். ஆனாலும் 2024 மார்ச்சில் அதானி பெயரைத் தாங்கியே அந்தக் கூடம் திறக்கப்பட்டது. மன்னார் காற்றாலைத் திட்டத்தால் இலங்கைத் தமிழருக்கு நன்கு பழக்கமான பெயர் அது. அந்தக் குழுமத்துக்கு நிலக்கரிச் சுரங்கங்களும் உண்டு. அங்கே வகுப்பு வகுப்பாக வந்து நிற்கும் பிள்ளை சுவரில் முதலில் வாசிப்பது அந்தப் பெயரைத்தான்.

இதில் என்ன பிழை என்று கேட்பவர்கள் தமிழ் மரபு ஆசிரியரை எதற்கு ஒப்பிட்டது என்று பார்க்கவேண்டும். நன்னூல் நல்லாசிரியனுக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று துலாக்கோல். வள்ளுவர் நடுவு நிலைமை என்று தனி அதிகாரமே வைத்து, அங்கும் துலாக்கோலையே எடுத்துக்காட்டினார். கிண்ணியா மக்கள் ஓதும் குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் குறைப்போரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பெருந்தவறு என்ன? சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் சொல்லையே சாட்சியாக ஏற்றான். வழக்கில் ஆதாயம் உள்ளவன் சொன்னதை ஆராயாமல் நம்பினான். கோவலன் மாண்டான், மதுரை எரிந்தது. பிள்ளை தராசைச் சோதித்துப் பார்க்கும் வயதில் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் உண்மை என்றே அது நம்பும். அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்குவது, வளர்ந்தவருக்கு விளம்பரம் காட்டுவதைவிடப் பெரிய தீங்கு.

மறுதரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. குறிஞ்சாக்கேணியில் பாலம் இல்லாத நிலையில், 2021 நவம்பர் 23 அன்று படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். ஒரு பாலத்துக்கே இவ்வளவு காத்திருந்த ஊருக்கு அருங்காட்சியகம் கட்ட யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி வலிக்கத்தான் செய்யும். நோர்வேயின் ஸ்டவாங்கரில் 1999இல் திறக்கப்பட்ட பெற்றோலிய அருங்காட்சியகத்துக்கு எண்ணெய்க் கம்பனிகளின் ஆதரவும் உண்டு. ஆனாலும் 1980இல் 123 பேரைப் பலிகொண்ட கீலன்ட் கடல் எண்ணெய் மேடை விபத்தை அது மறைக்கவில்லை. அப்படியென்றால் பணம் வரட்டும். எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் மேசையில் மட்டும் கம்பனிக்கு நாற்காலி வேண்டாம். ஒப்பந்தம் முழுவதும் வாசலில் ஒட்டப்பட்டிருக்கவும் வேண்டும்.

சீனன்குடாவில் இது இன்னும் அவசியம். 1987 இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களிலேயே இந்தக் குதங்கள் இடம்பெற்றன. 2003 முதல் இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி அங்கே இயங்குகிறது. 2022 ஜனவரி ஒப்பந்தம் 14 தாங்கிகளை அந்தக் கம்பனிக்கும், 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61ஐ இரண்டும் சேர்ந்த புதிய நிறுவனத்துக்கும் பிரித்தது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியமும் திருகோணமலை எரிசக்தி மையத் திட்டத்தில் சேர்ந்தது. இதில் பங்காளிகளாக இருக்கும் எவரும் இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு நடுநிலையோடு விளக்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அசாமின் டிக்பாயில் இந்தியன் ஒயில் நடத்தும் அருங்காட்சியகத்தில் பழைய கருவிகளைப் பார்க்கலாம், அதுவும் தேவைதான். பாடம் அதோடு முடிந்துவிடக்கூடாது.

பாடத்தின் இன்னொரு பாதி கிண்ணியாக் கரையில் கிடக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. மண்ணெண்ணெய் இஞ்சினை நம்பிக் கடலுக்குப் போகும் சிறு மீனவருக்கு அது பெரிய அடி. சீனன்குடாவில் அருங்காட்சியகம் அமையும் நாளில், 91ஆம் தாங்கியின் மடிந்த தகட்டுக்குப் பக்கத்தில் அப்படியோர் இஞ்சினும் அந்த இரண்டு விலைகளும் இருக்கவேண்டும். விளக்கக் குறிப்பை எழுதும் வேலை அந்த மீனவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கே போகவேண்டும்.