வழிச்செலவும் நன்னெறியும்

புத்தர் பெருமான் வாழ்ந்த தலங்களைக் காணப் புறப்படும் இல்லறத்தார்க்கு முதற்கண் எழும் கேள்வி, கையிலுள்ள பொருள் போதுமா என்பதே. நாட்கூலியிலும் சிறு உத்தியோகத்திலும் காலங்கழிக்கும் நம்மவர் புத்தகயைக்கோ, சாரநாத்துக்கோ, நாகபுரித் தீட்சா பூமிக்கோ செல்ல விரும்பினால், சிறுகச் சிறுகச் சேர்த்தே செல்லல் வேண்டும். ஆகவே வழிப்பயணத்திற் சிக்கனம் நமக்கு அவசியமாகிறது. ஆனால், அவசியம் என்பதனாலேயே ஒரு செயல் அறமாகிவிடுமா? எவ்வளவு மிச்சப்படுத்தினோம் என்பதோடு, எவரிடமிருந்து மிச்சப்படுத்தினோம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பகவான் வறுமையைப் போற்றினார் என்று சிலர் பிழைபடக் கருதுகின்றனர். துறவியர்க்கு அவர் வகுத்த நெறி வேறு. இல்லறத்தார்க்கு வகுத்த நெறி வேறு. சிகாலன் என்னும் இளைஞனுக்கு அறமுரைத்தபோது, வருவாயை நான்கு கூறாக்கி, ஒரு கூற்றைத் துய்க்கவும், இரு கூற்றைத் தொழிலில் இடவும், நான்காம் கூற்றை இடர்வருங் காலத்துக்கென வைக்கவும் அவர் அறிவுறுத்தினார். அனாதபிண்டிகருக்கோ இல்லறத்தான் எய்தத்தக்க இன்பங்கள் நான்கெனக் காட்டினார். அவை பொருளுடைமை, அப்பொருளை நல்வழியில் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை என்பன. இவற்றுள் ஏனைய இன்பங்கள் குற்றமின்மை என்னும் இன்பத்தின் பதினாறில் ஒரு கூறும் ஆகா என்பது அவர் முடிபு.

நம் கேள்விக்கு விடை இங்கேயே கிடைக்கிறது. கடனின்மையைக் காக்கவே சிக்கனம் வேண்டும். அச்சிக்கனம் குற்றமின்மையை அழிக்குமாயின் அதனாற் பயனில்லை.

முதலிற் கடனின்மையைக் கருதுவோம். வட்டிக்கு வாங்கித் தலயாத்திரை செய்து, திரும்பியபின் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திக் கடனடைப்பது தம்மமன்று. இடர்க்கென வைத்த நான்காம் கூற்றைத் தொடுவதும் தகாது. துய்த்தற்குரிய கூற்றினின்று மிகுத்ததே பயணத்துக்குரிய பொருள். அதனையும் மனையாளின் உணவைக் குறைத்து மிகுத்தல் ஆகாது.

அளவறிந்து திட்டமிடுவோர்க்கு நேரிய வழிகள் பல உண்டு. புகைவண்டிக் கட்டணம் தூரம் மிகுதோறும் கிலோமீட்டருக்குரிய வீதத்திற் குறைந்து செல்வது. ஆதலின், ஊருக்கு ஊர் தனிச்சீட்டு வாங்காமல், புறப்பட்ட நிலையத்துக்கே மீளும் சுற்றுப்பயணச் சீட்டு வாங்கினால் செலவு குறையும். இடையில் 8 இடங்கள் வரை இறங்கவும் விதி இடந்தருகிறது. வாரணாசியிலிருந்து சாரநாத் ஏறத்தாழ 10 கிலோமீட்டரே. பலரோடு சேர்ந்து ஒரே வண்டியில் சென்றால் செலவு பங்கிடப்படும். முதல் இரண்டு வேளைக்குக் கட்டுச்சோறும், பிறகு அவலும் பொரிமாவும் கொண்டு சென்றால் உணவுச் செலவு பாதியாகும். இவ்வகைச் சிக்கனத்தால் எவர்க்கும் இழப்பில்லை. இது அறிவின் பயன்.

ஆனால் வேறுவகைச் சிக்கனமும் நம்மிடையே வழங்குகிறது. 5 வயது நிரம்பாத குழந்தைக்குப் புகைவண்டியிற் கட்டணமில்லை. ஆறு வயதுச் சிறுவனிடம், “கேட்டால் நாலு என்று சொல்” எனக் கற்பிக்கும் தந்தையர் எத்தனை பேர்! பஞ்சசீலம் ஓதக் கற்பித்த வாயே பொய்யுரைக்கவும் கற்பிக்கிறது. கொடாததைக் கொள்ளாமை, பொய் கூறாமை என்னும் இரு சீலங்களும் ஓர் அரைச்சீட்டுக்காக ஒருங்கே முறிகின்றன. அரைக்கட்டணம் மிஞ்சியது உண்மையே. ஆனால் அன்று அச்சிறுவன் கற்ற பாடம் என்ன?

“அரசாங்கத்துக்கு இஃதொரு பொருட்டா? தலைமுறை தலைமுறையாக நம்மை வஞ்சித்தோர்க்கு முன் இச்சிறு தொகை எம்மாத்திரம்?” என்று வினவுவோர் உளர். அவர்க்கு லலிதவிஸ்தரம் கூறும் நிகழ்ச்சியொன்றை நினைவூட்டுவோம். ஞானம் பெற்றபின் பகவான் பழைய தோழர் ஐவரைத் தேடிக் காசியை நோக்கி நடந்தார். கங்கைக் கரையில் ஓடக்காரன் கூலி கேட்டான், அவரிடம் காசில்லை. அவர் வான்வழியே ஆற்றைக் கடந்தாரென்றும், அது கேட்ட பிம்பிசார மன்னன் துறவியர்க்கு ஓடக்கூலியை நீக்கினானென்றும் நூல் கூறும். வான்வழிச் சென்றதை அலங்காரமென்று தள்ளினும், எஞ்சி நிற்கும் பொருள் பெரிது. உலகுக்கே அறமுரைக்கச் செல்பவரும், கூலி கொடாமல் மறைந்து ஓடத்தில் ஏறவில்லை. விதி கடுமையாயின் அதனை வெளிப்படையாக மாற்றுவிக்க வேண்டும். மறைவில் மீறுதல் முறையன்று.

இனி, நம்மினும் எளியோரிடம் நாம் செய்யும் பேரத்தைக் கருதுவோம். கூலியை முன்கூட்டியே கேட்டுப் பேசி முடிவு செய்தல் குற்றமன்று. அஃது இருவர்க்கும் நலமே. ஆயினும், காலைமுதல் சவாரி கிடைக்காத ரிக்‌ஷாக்காரனின் வாட்டத்தைக் கண்டு, அதனையே கருவியாக்கிப் பத்து ரூபாய் குறைப்பது சிக்கனமன்று. அவன் பசியை நாம் விலைக்கு வாங்குவதேயாம்.

1901இல் சிறுவர் அம்பேத்கர் தம் தமையனாருடன் தந்தையார் பணிபுரிந்த ஊருக்குச் செல்ல மசூர் நிலையத்தில் இறங்கினார். சாதியை அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்ற இசையவில்லை. முடிவில் இரட்டைக் கூலி கொடுத்து, சிறுவர்களே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் உடன் நடந்து வந்தான். கையில் உணவிருந்தும், குடிக்க நீர் கொடுப்பாரின்மையால் அன்றிரவு பசியோடு கழிந்தது. இதனைப் பாபாசாகேப் தாமே எழுதி வைத்துள்ளார். இரட்டைக் கூலி கொடுத்தும் இழிவையே பெற்ற மக்களின் வழிவந்த நாம், பிறனொருவனுக்கு அரைக்கூலி கொடுத்து மகிழலாமோ?

விகாரைகளிலும் அவற்றின் விடுதிகளிலும் சிலவிடத்து வாடகை விதிப்பதில்லை. இயன்றதை இடுமாறு உண்டியல் மட்டும் வைத்திருப்பர். கேட்பாரில்லை என்பதனால் வெறுங்கையோடு வெளியேறுவது எளிது. ஆனால் நாம் உறங்கிய பாய் முன்னொருவர் இட்ட தானம். அடுத்து வரும் ஏழைக்கும் பாய் வேண்டுமன்றோ? ஐந்து ரூபாயே இயலுமாயின் அதனை நாணமின்றி இடுவோம். அதுவும் இயலாதார் முற்றத்தைப் பெருக்கிச் செல்லலாம், உழைப்பும் தானமே.

மற்றொன்று, தம் உடலை வஞ்சிக்கும் சிக்கனம். உண்ணாது வருந்துதல் பயனற்றதெனக் கண்டு, சுசாதை அளித்த பாற்சோற்றைப் பகவான் ஏற்றது உருவேலையில். அதுவே இன்றைய புத்தகயை. அவ்விடத்துக்கே பட்டினி கிடந்து சென்று நோயோடு திரும்புவது அவர் கண்ட நடுவழியை மறப்பதாகும்.

ஆகவே, பயணம் முடிந்து வீடு திரும்பியதும் செலவுக் கணக்கை எழுதுவோர், மிச்சமான ஒவ்வொரு தொகைக்கும் எதிரே, அது எங்கிருந்து மிஞ்சியது என்றும் எழுதிப் பார்ப்பாராக. நம் முன்யோசனையால் மிஞ்சியதாயின் அதனை மகிழ்ந்து ஏற்போம். பிறர் கூலியினின்றோ, பொய்யினின்றோ மிஞ்சியதாயின், அது நாம் இன்னும் செலுத்த வேண்டிய கடனேயாகும்.