கரையும் மதகும்

நிறைந்த ஏரியின்முன் நிற்போர் உள்ளத்தில் மூன்று உணர்ச்சிகள் எழுகின்றன. கரை உடையுமோ என்னும் அச்சம்; அசைவற்ற நீர்ப்பரப்பு தரும் அமைதி; அக்கரைக்கு அப்பால் யாதுளதோ என விரியும் கற்பனை. பின்னிரண்டும் பக்திக்குத் துணையாவதை எவரும் ஒப்புவர். அச்சம் துணையா, பகையா என்பதே ஆராயத்தக்கது.

மதுராந்தகத்துப் பேரேரி இதற்கு விடை பகர்கின்றது. 1790களில் அப்பகுதியின் கலெக்டராக விளங்கியவர் லயனல் பிளேஸ் துரை. பெருமழையில் கரை உடையும் தறுவாயில், ஜனகவல்லித் தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்வதாக அவர் வேண்டிக்கொண்டார் என்றும், இரவில் வில்லேந்திய இருவர் கரைமீது காவல் நிற்கக் கண்டார் என்றும் தல வரலாறு கூறும். கரை நிலைத்தது; திருப்பணியும் நிறைவேறிற்று. எம்பெருமானும் ‘ஏரி காத்த ராமன்’ எனப் போற்றப்படலானான்.

தன்பொருட்டு எழும் அச்சம் மனிதனைச் சுருக்குகின்றது. கரையின்கீழ் வாழும் ஊர்களுக்காக எழும் அச்சமோ கருணையின் மறுவடிவம். ‘என்னால் ஆவது இவ்வளவே’ என்று உணருங்கால் அதுவே சரணாகதிக்கு வாயிலாகின்றது. ஆயினும், கரையைப் பேணாதிருந்து கடவுளை அழைப்பது சரணாகதியன்று; சோம்பலே. கொட்டும் மழையிலும் கரையைக் காணச் சென்றவருக்கே அக்காட்சி கிட்டிற்று.

காவல் பெற்ற நீரே அமைதியுற்றுப் பிறர்க்குப் பயன்படும். 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைந்தது வீரநாராயண ஏரி. அதனை அடுத்த காட்டுமன்னார்கோயிலில் அவதரித்தவர் நாதமுனிகள். யாத்திரிகர் பாடிய பத்துப் பாசுரங்களைச் செவிமடுத்து, எஞ்சியவற்றைத் தேடிப் புறப்பட்டார். நாலாயிரமும் உலகுக்குக் கிட்டின. அவ்வேரிக்கரையிலேயே கல்கியும் 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைத் தொடங்கி, ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவனைக் குதிரைமீது வரச்செய்தார். அவ்வேரியின் 74 மதகுகளைப் போன்றே அருள் வெள்ளத்தைப் பரப்ப இராமாநுசர் 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்பர் பெரியோர். 2004 முதல் அந்நீர், ஏரியைக் கண்டிராத சென்னை மக்களின் தாகத்தையும் தணித்து வருகின்றது.

மனமும் ஓர் ஏரியே. அச்சம் அதன் கரை. அமைதி அதன் நிறைவு. கற்பனை அதன் மதகு. கரையற்ற நீர் ஊரை அழிக்கும். மதகற்ற நீர் வயலை அடையாது. உற்சவத்தில் எம்பெருமானைச் சேவித்து மீளும் அடியார்கள், அச்சத்தை அவன் திருவடியில் வைத்து, நிறைந்த உள்ளத்தைப் பிறர்க்கெனத் திறந்து உய்வார்களாக.